லாயரம்மா நமக்கு விட்டுச் சென்ற பாடம்

(நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வேலை காரணமாக வர முடியாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன். லீவு கிடைக்காமல், பிறகு இதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

நான் பேச்சாளர் இல்லை. எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து லைன் லீடர் ஆனவள். இந்த மேடையில் நிற்க எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என் குடும்பத்துக்கு லாயரம்மா செய்தது என்ன என்று எனக்குத் தெரியும் என்பதுதான்.

நம்மில் யாருமே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோயில் ஐயருக்கும் லாயரம்மா, சாப்பாட்டுக் கடைத் தவுக்கேவுக்கும் லாயரம்மா. அவருடைய எதிர்க்கட்சிக்காரர்கள்கூட, "உங்க லாயரம்மா என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கும் நான் அந்தப் பெயரிலேயே பேசுகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. மாலைகள் வாடிவிட்டன. இனி நாம் அவரை எப்படி நினைக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

தோட்டத்திலிருந்து நீதிமன்றம் வரை

லாயரம்மா பால்மரம் வெட்டிய ஒரு தாயின் மகள். லயத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருந்து, இடைநிலைப் பள்ளிக்குப் போனவர். பிறகு தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியாக லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பைப் படித்தார். பகலில் பள்ளிக்கூடம், இரவில் பாடப்புத்தகம். தம்பிமார் இருவரைக் கரையேற்றிய பிறகுதான் தன் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினார் என்று அவர் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வழக்கறிஞர் ஆனபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. நிலம், கம்பெனி, வங்கிக் கடன் என்று காசு வரும் வழக்குகள் நிறைய உண்டு. அவர் குடும்ப வழக்குகளை எடுத்தார். விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைப் பராமரிப்பு, பிறப்புப் பத்திரம், இறந்தவர் சொத்து. "தோட்டத்தை விட்டு வெளியேறின சனங்க டவுனுக்கு வந்து முதல்ல உடைஞ்சது வீடு இல்லை, குடும்பம்" என்பார். தோட்டங்கள் விற்கப்பட்டு நம் மக்கள் புறம்போக்கு நிலத்திலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் வந்து விழுந்த காலத்தை நினைத்துச் சொன்னது அது.

அவருடைய அலுவலகம் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. ஒரு மர பெஞ்சு, ஒரு மின்விசிறி, இரண்டு இரும்பு அலமாரி. படியேறும்போதே சம்பால் வதக்கும் காரம் மூக்கில் ஏறும். அழுகிறவர்களும் தும்முகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் 1997-ஆம் ஆண்டு நான் என் அக்காவோடு போய் நின்றேன்.

என் அக்காவின் வழக்கு

அக்காவுக்கு 1991-இல் கோயிலில் திருமணம் நடந்தது. ஐயர் வந்தார், அக்னி வளர்த்தார், மூன்று முடிச்சு போட்டார்கள். முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். பெரிய ஆல்பம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் அந்தத் திருமணத்தை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவு இலாகாவுக்குப் போக வேண்டுமானால் வேலை நாளில் இரண்டு பேரும் லீவு போட வேண்டும், இரண்டு பேர் சம்பளமும் போகும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். அப்பாவும் அதைத்தான் சொன்னார், மாப்பிள்ளை வீட்டாரும் அதைத்தான் சொன்னார்கள்.

1993-இல் பிள்ளை பிறந்தது. 1997-இல் அவர் வீட்டை விட்டுப் போனார். சில மாதம் கழித்து இன்னொரு பெண்ணைப் பதிவு இலாகாவில் முறைப்படி திருமணம் செய்துகொண்டார். எப்படிச் செய்ய முடிந்தது? அரசாங்கத்தின் ஏட்டில் அவர் அதுவரை திருமணம் ஆகாதவர்!

லாயரம்மா முன்னால் அக்கா உட்கார்ந்து அழுதாள். அவர் தண்ணீர் கொடுத்தார். "அழுதுட்டு சொல்லும்மா, அவசரமில்லை" என்றார். அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "கையில என்ன தாளு இருக்கு?"

அக்கா ஆல்பத்தை நீட்டினாள். அவர் அதை மரியாதையாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அழகா இருக்கும்மா. ஆனா உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். 1982-க்கு அப்புறம் நடந்த கல்யாணம் இது. பதிவு இல்லாம, நீ அவர் பெண்டாட்டின்னு கோர்ட்ல நிக்க வைக்கிறதுக்கே ஒரு சண்டை போடணும். அது வருஷக் கணக்குல ஓடும், ஜெயிப்போம்னும் உறுதி இல்லை. முதல்ல பிள்ளைக்குச் சோத்துக்கு வழி பார்ப்போம். பிறப்புப் பத்திரத்துல அப்பா பேரு இருக்கா?"

இருந்தது. பிள்ளை பிறந்தபோது அவரும் பதிவு இலாகாவுக்கு வந்து, தகப்பன் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். லாயரம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்தபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இது போதும்" என்றார்.

1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாது என்று ஆனாலும், தகப்பன் யார் என்று நிரூபித்தால் பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை கேட்க அது வழி விடுகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் மனு போட்டார். ஏழு தடவை நீதிமன்றத்துக்கு அலைந்தோம். கடைசியில் பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி என்று உத்தரவு வந்தது. என் அக்காவுக்கு மனைவி என்ற முறையில் ஒரு காசும் வரவில்லை.

வெளியே வந்ததும் நான் நன்றி சொன்னேன். லாயரம்மா சிரிக்கவில்லை. "பாதிதான் ஜெயிச்சோம். மீதிப் பாதியை உங்க கல்யாணத்தன்னிக்கே தோத்துட்டீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பல வருடம் கழித்துத்தான் அவர் யார் மேல் கோபப்பட்டார் என்று புரிந்தது. அக்கா மேல் இல்லை. விவரம் தெரிந்தும் சொல்லாமல் விட்ட நம் எல்லோர் மேலும்தான்.

கோயில் வாசலில் ஒரு மேசை

அதற்குப் பிறகு முகூர்த்த நாள்களில் கோயில் வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார ஆரம்பித்தார். உங்களில் பலர் அந்த மேசையைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரித்திருப்பீர்கள். "கல்யாணத்துக்கு வந்த இடத்துல விவாகரத்து லாயரா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அவர் எல்லோருக்கும் ஒரே விஷயத்தைச் சொன்னார். இன்றும் அது பலருக்குத் தெரியாததால் நானும் சொல்கிறேன்.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், விவாகரத்து பற்றிய சட்டம் 1976-இல் நிறைவேறியது. அது 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களை அந்தச் சட்டம் பதிவு செய்யப்பட்டதாகவே கருதுகிறது. நம் பாட்டிமார்களின் தாலி அப்படித்தான் காப்பாற்றப்பட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு கதை வேறு. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டம் ஆனது. முன்பெல்லாம் நம் வழக்கத்தில் ஓர் ஆண் இரண்டு பேரை மணந்துகொண்டு இரண்டு பேரையும் மனைவி என்று சொல்ல முடிந்தது. அந்தக் கதவை மூடிய சட்டம் இதுதான். பெண்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பு பதிவேட்டில் பெயர் இருப்பவளுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்வார். கோயில் பூசகரையே உதவிப் பதிவாளராக நியமிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி உதவிப் பதிவாளர் இருக்கும் கோயிலில், முன்கூட்டியே பதிவு இலாகாவில் செய்ய வேண்டியதைச் செய்திருந்தால், தாலி கட்டும் அன்றே கையெழுத்தும் போட்டுவிடலாம். சடங்கை விட வேண்டியதில்லை, சம்பளமும் போகாது. இதைச் சொல்லிச் சொல்லியே, தேதி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பதிவுத் தாளைக் கேட்கும்படி எங்கள் கோயில் நிர்வாகத்தை மாற்றினார். அதற்கு ஆறு வருடம் பிடித்தது.

தோழர்களே, நம் இயக்கத்தில் நாம் எத்தனை ஊர்வலம் போயிருப்போம்! எத்தனை தீர்மானம் போட்டிருப்போம்! அவற்றில் ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் மேடையில் சமுதாய உரிமை என்று முழங்கிய அதே ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த அம்மா வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்து, மணமக்களின் அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார். இரண்டும் உரிமைப் போராட்டம்தான். நாம் ஒன்றுக்கு மட்டும் கைதட்டினோம்.

சட்டம் மாறியது, அவரும் கூடவே படித்தார்

அவருடைய தொழில் வாழ்க்கையைப் பார்த்தால் நம் பெண்களின் நிலை எப்படி மாறியது என்பது தெரியும்.

1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி 1996-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடி வாங்கிய பெண் போலிஸ் நிலையத்துக்குப் போனால், "குடும்ப விஷயம், வீட்டுக்குப் போய் பேசித் தீர்த்துக்கோ" என்ற பதில்தான். சட்டம் வந்த பிறகும் சில இடங்களில் அதே பதில் வந்தது. லாயரம்மா இரவு பதினோரு மணிக்கும் கைப்பையில் அந்தச் சட்டத்தின் நகலோடு நிலையத்துக்கு வருவார். சத்தம் போட மாட்டார். பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "சார், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்பார். புகார் பதிவாகும். பிறகு சமூகநல இலாகா, மாஜிஸ்திரேட், இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு என்று ஒவ்வொரு படியாகக் கூடவே வருவார்.

1997-இல் வாரிசுரிமைப் பங்கீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன், உயில் எழுதாமல் மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு. கணவன் இறந்தாலோ, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். திருத்தத்துக்குப் பிறகு கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவு. இறந்தவருக்குப் பெற்றோர், துணை, பிள்ளைகள் எல்லோரும் இருந்தால் துணைக்கு நாலில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நாலில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. மாமியாரும் மருமகளும் பிணம் எடுத்த வீட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் வருவார்கள். ஒரு தாளில் வட்டம் போட்டு, ரொட்டி வெட்டுவது போலக் கோடு கிழித்துக் காட்டுவார். பாதிச் சண்டை அந்த வட்டத்திலேயே முடிந்துவிடும்.

1999-இல் பிள்ளைகளின் காப்பாளர் சட்டம் திருத்தப்பட்டு, தகப்பனுக்குச் சமமான உரிமை தாய்க்கும் கிடைத்தது. அதுவரை பிள்ளையின் சட்டப்படியான காப்பாளர் என்றால் தகப்பன்தான். பத்து மாதம் சுமந்தவள் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட ஓடிப்போன கணவனைத் தேட வேண்டியிருந்தது.

எல்லா வழக்கிலும் அவர் வென்றார் என்று சொல்ல மாட்டேன். ஒரு லோரி டிரைவரின் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வானாள். பெற்றோர் பிரிந்தவர்கள். தகப்பன் படிப்புச் செலவு தர மறுத்தார். பதினெட்டு வயது முடிந்தால் தகப்பனின் பராமரிப்புப் பொறுப்பு முடிந்தது, மேற்படிப்புச் செலவு அதில் சேராது என்று 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருந்தது. லாயரம்மா அந்தத் தீர்ப்பை அந்தப் பெண்ணுக்கே வாசித்துக் காட்டி, "சட்டம் இப்படி இருக்கும்மா, இது தப்பு, ஆனா இன்னைக்கு இதுதான் சட்டம்" என்றார். பிறகு உபகாரச் சம்பளம் தேடி அவரே பத்துக் கடிதம் எழுதினார்.

அந்தச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பிள்ளை மேற்படிப்பை முடிக்கும் வரை பராமரிப்பு கேட்க இப்போது வழி இருக்கிறது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட உழைப்பையும் சொத்துப் பிரிக்கும்போது நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த வாரம் லாயரம்மா லோரி டிரைவர் மகளைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். அவள் அதற்குள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். "உனக்கு உதவல, உன் தங்கச்சிமாருக்கு உதவும்" என்று சொன்னாராம். அவள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள்.

இந்திரா காந்தி வழக்கும் ஓர் இரவும்

ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கு உங்கள் எல்லோருக்கும் தெரியும். 2009-இல் அவருடைய கணவர் மதம் மாறினார். மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளின் மதத்தையும் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தை பிரசன்னா தீக்‌ஷாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எம். குலசேகரனும் அவருடன் நின்ற வழக்கறிஞர்களும் அந்தத் தாய்க்காக வாதாடினார்கள்.

2010-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் பிள்ளைகள் தாயிடம் இருக்க வேண்டும் என்றது. 2013-இல் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பர் 30-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தலைகீழாக்கியது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பிள்ளையின் மதத்தை மாற்றத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்! அந்தத் தீர்ப்பு வந்த நாளிலும் அந்தக் கைக்குழந்தை தாயின் கைக்கு வந்து சேரவில்லை.

அந்த வழக்கில் லாயரம்மாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த அந்த வாரம், நம் சங்க அறையில் நாற்பது பேர் கூடியிருக்க, அவர் தீர்ப்பின் நகலைக் கொண்டு வந்து முக்கியமான இடங்களைத் தமிழில் விளக்கினார். நாங்கள் கைதட்டினோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கைதட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த அம்மா ஒவ்வொரு கோர்ட்லயும் ஒன்பது வருஷம் நிக்க முடிஞ்சதுக்கு அவங்க தைரியம் ஒரு காரணம், லாயருங்க உழைப்பு ஒரு காரணம். கல்யாணப் பத்திரமும் பிள்ளைகளோட பிறப்புப் பத்திரமும் கையில இல்லாட்டி, முதல் நாளே 'நீ யாரு?'ங்கிற கேள்வியிலயே மாட்டியிருப்பாங்க. உங்கள்ல எத்தனை பேரால நிக்க முடியும்?"

அறை அமைதியானது. ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தோம். நானும்தான். அன்று என் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அவருடைய குணம்

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் பேசினால் அது லாயரம்மாவாக இருக்காது. கோபக்காரர். தாமதமாகப் போனால் திட்டுவார். பொய் சொன்னால் கோப்பை மூடிக் கையில் கொடுத்துவிடுவார். இலவசமாக ஒரு வழக்கும் எடுக்க மாட்டார். கையில் காசில்லாதவர்களிடம்கூட மாதம் பத்து வெள்ளி கேட்பார். "சும்மா செஞ்சு கொடுத்தா நீங்க கோப்பைத் தொலைச்சுடுவீங்க. பத்து வெள்ளி கட்டினா பத்திரமா வெச்சுக்குவீங்க" என்பார். என் அக்கா அந்தப் பத்து வெள்ளியை மூன்று வருடம் கட்டினாள். அதுவும் முடியாதவர்களை அவரே அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அழைத்துப்போய் வரிசையில் உட்கார வைப்பார்.

பெண்களுக்கு மட்டும்தான் வாதாடினார் என்பதும் சரியல்ல. ஒரு பாதுகாவலர், இரவெல்லாம் காவல் வேலை, இரண்டு பிள்ளைகள். மனைவி சூதாட்டத்தில் வீழ்ந்தவர். லாயரம்மா அந்தத் தகப்பனுக்கு வாதாடிப் பிள்ளைகளை வாங்கிக் கொடுத்தார். நம் பெண்கள் பிரிவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளை யார்கிட்ட நல்லா இருக்கும்னு பாருங்க, ஆம்பளையா பொம்பளையான்னு பாக்காதீங்க" என்று ஒரே பதில்தான் சொன்னார். அந்தத் தாய் வாரம் ஒரு நாள் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே உத்தரவில் எழுத வைத்தார்.

பிரித்து வைப்பதில் அவருக்கு அவசரம் இருந்ததே இல்லை. ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டு வந்தால், பெரும்பாலும் முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். பலர் அதை வெறும் சடங்கு என்று நினைத்துப் போவார்கள். இவர் கணவன் மனைவி இருவரையும் முதல் நாள் கூப்பிட்டு உட்கார வைத்து, "அங்க போய் என்ன பேசப் போறீங்க?" என்று கேட்பார். அப்படிக் கேட்டதில் சேர்ந்து வீட்டுக்குப் போனவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்!

பிஸ்கட் டின்

கடைசியாக அவரை நான் பார்த்தது மருத்துவமனையில். மெலிந்துபோயிருந்தார். நலம் விசாரித்தேன். அவர் என்னைக் கேட்டார்: "டின்னு வெச்சிருக்கியா?"

டின் என்றால் என்ன என்று அவரிடம் போன எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தீபாவளிக்கு வாங்கிய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். நாம் அதில் ஊசி நூல் போட்டு வைப்போம். "ஊசி நூலை எடுத்து வெளிய போடு, தாளை உள்ள போடு" என்பார் லாயரம்மா. என்னென்ன தாள் என்று அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன், எழுதிக் கொள்ளுங்கள்.

ஒன்று, திருமணப் பதிவுப் பத்திரம். இல்லையென்றால் இந்த வாரமே பதிவு இலாகாவில் போய் விசாரியுங்கள். வெட்கப்பட வேண்டாம். திருமணமாகி இருபது வருடம் ஆகியிருந்தாலும் போய்க் கேளுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புப் பத்திரம். தகப்பன் பெயர், தாய் பெயர், எழுத்துப் பிழை எல்லாவற்றையும் இன்றே படித்துப் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும் நாளில் கண்டுபிடிக்காதீர்கள்.

மூன்று, வீட்டில் இறந்தவர்களின் இறப்புப் பத்திரம்.

நான்கு, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள்.

ஐந்து, ஊழியர் சேமநிதியில் யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள் என்பதற்கான தாள். கல்யாணத்துக்கு முன் போட்டதை அப்படியே விட்டவர்கள் நிறைய பேர். போய்ப் பாருங்கள்.

ஆறு, போலிஸ் புகார், மருத்துவர் கொடுத்த தாள், நீதிமன்ற உத்தரவு ஏதாவது இருந்தால் அதன் நகல்.

டின் எங்கே இருக்கிறது என்பது கணவனுக்கும் தெரிய வேண்டும், மனைவிக்கும் தெரிய வேண்டும். ஒருவர் மட்டும் பூட்டி வைத்தால் அது குடும்ப டின் இல்லை.

உடன்பிறப்புகளே, லாயரம்மாவின் அலுவலகத்தைக் காலி செய்ய நாங்கள் நான்கு பேர் போனோம். முடிந்த வழக்குகளின் கோப்புகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளை அவரிடம் பயிற்சி பெற்ற இரண்டு இளம் வழக்கறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேசை இழுப்பறையில் அந்தப் பத்து வெள்ளி நோட்டுப் புத்தகம் இருந்தது. என் அக்கா பெயருக்கு நேரே கடைசி வரியில், சிவப்பு மையில் "முடிந்தது" என்று எழுதியிருந்தார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைக்கு வந்த அந்த 200 வெள்ளியில்தான் அவன் ஸ்கூல் பஸ் காசும் டியூஷன் காசும் கட்டினோம். இன்று அவன் டெக்னிஷியன். சென்ற ஆண்டு அவனுக்குத் திருமணம் நடந்தது. பதிவு செய்த பிறகுதான் பத்திரிகை அடித்தோம்.

கோயில் வாசலில் அந்த மடக்கு மேசை இன்னும் இருக்கிறது. நிர்வாகம் நமக்கே கொடுத்துவிட்டது. அடுத்த முகூர்த்த நாளில் அதை விரித்துப் போட நான் பெயர் கொடுத்துவிட்டேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. தாளைப் பார்த்து, எது இல்லை என்று சொல்லி, எங்கே போக வேண்டும் என்று காட்டத் தெரிந்தால் போதும். சிக்கலானதை அந்த இளம் வழக்கறிஞர்களிடம் அனுப்புவோம். கூட உட்கார இன்னும் ஐந்து பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், வந்து பெயர் கொடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் படத்துக்கு விளக்கேற்றுங்கள், தப்பில்லை. அதற்கு முன் அலமாரியைத் திறந்து அந்த டின்னை எடுங்கள்.